மானிட்டர் காட்டும் 38 சரிதானா? மயக்கவியல் கருவிகளைச் சோதிக்கும் கேலிபரேஷன் வாயு பற்றி

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருத்துவரின் கண் அடிக்கடி போய் நிற்கிற இடம் மானிட்டர். நோயாளி விடும் மூச்சின் கடைசியில் கார்பன் டை ஆக்சைடு 38 (மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில்), உள்ளே போகும் ஆக்சிஜன் 50%, செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து 2% என்று எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த 38 நிஜமாகவே 38தானா என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க அது நேரமும் இல்லை. அந்தக் கேள்வியை மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவு முன்கூட்டியே கேட்டு, பதிலையும் எழுதி வைத்திருக்க வேண்டும். கேட்பதற்கு அவர்கள் கையில் இருப்பது ஓர் அலுமினியக் கேன். அதற்குள் கொஞ்சம் கேலிபரேஷன் வாயு.

எந்த வாயு எத்தனை சதவீதம் என்று முன்பே துல்லியமாகத் தெரிந்த கலவைதான் கேலிபரேஷன் வாயு. அதை மானிட்டருக்குள் விட்டு, காட்டுகிற எண்ணையும் கேனின் லேபிளில் உள்ள எண்ணையும் ஒப்பிட வேண்டும். கேட்க இவ்வளவு எளிது. ஆனால் மளிகைக்கடைத் தராசைச் சோதிக்க வரும் எடைக்கல்லுக்கே முத்திரை சரியாக இருக்க வேண்டும் என்பது போல, இங்கே கேன் தப்பு என்றால் எல்லாம் தப்பு. நல்ல மானிட்டரைக்கூடக் கெட்ட வாயு கெடுத்துவிடும். அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், மானிட்டர் எப்படி அளக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

வெளிச்சத்தை விழுங்கும் வாயுக்கள்

மயக்க மருந்து மானிட்டர்களில் பெரும்பாலானவை அகச்சிவப்புக் கதிரை வைத்து வேலை செய்கின்றன. நோயாளியின் மூச்சுக்குழாய் இணைப்பிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியே நிமிடத்துக்கு 50 முதல் 200 மில்லி வரை வாயு உறிஞ்சப்பட்டு மானிட்டருக்குள் இருக்கும் சிறிய அறைக்குள் போகும். ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்கு, மறுபக்கம் உணரி. கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கதிரைப் பலமாக விழுங்கும். மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு 4.5 மைக்ரோமீட்டர் பக்கம். ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் போன்ற ஆவி மருந்துகளுக்கு 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான பட்டை. எவ்வளவு கதிர் காணாமல் போகிறதோ, அதை வைத்து எவ்வளவு வாயு இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது கருவி.

வாயுக்கள் வெப்பக் கதிரை விழுங்குவதை லண்டனில் இயற்பியலாளர் ஜான் டிண்டல் 1859-ல் அளக்கத் தொடங்கினார். அதை ஒரு தொழிற்சாலைக் கருவியாக மாற்றியவர் ஜெர்மனியின் லுஃப்ட்; அவருடைய கட்டுரை 1943-ல் வந்தது. மருத்துவமனைக்கு அது பிறகுதான் வந்து சேர்ந்தது.

பழைய மானிட்டர்கள் சில, ஆவி மருந்துகளை 3.3 மைக்ரோமீட்டரில் அளந்தன. அங்கே ஹாலோதேன், ஐசோஃப்ளூரேன் மட்டுமல்ல, சாராய ஆவியும் மீத்தேனும்கூடக் கதிரை விழுங்கும். ஆகவே எந்த மருந்து ஓடுகிறது என்று மருத்துவரே கருவிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தப்பாகச் சொன்னால் கருவியும் தப்பான எண்ணை நிதானமாகக் காட்டிக்கொண்டிருக்கும். இன்றைய மானிட்டர்கள் பல அலைநீளங்களில் பார்த்து மருந்தைத் தாமாகவே அடையாளம் காண்கின்றன.

ஆக்சிஜன் விஷயம் வேறு. அதன் மூலக்கூறு இரண்டு ஒரே மாதிரி அணுக்களால் ஆனது, அகச்சிவப்பில் சிக்காது. ஆனால் அது காந்தத்தால் ஈர்க்கப்படும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் இதை வைத்து ஓர் ஆக்சிஜன் மீட்டர் செய்தார். இன்றைய மானிட்டர்களில் இருக்கும் காந்தவகை உணரி அந்த வம்சம்தான். மயக்க மருந்து எந்திரத்திலும் வென்டிலேட்டரிலும் பார்க்கும் உருண்டையான ஆக்சிஜன் செல் வேறு வகை. அதற்குள் ஈயம் மெல்ல மெல்லத் தின்னப்பட்டு மின்சாரம் வரும். ஈயம் தீர்ந்தால் செல்லும் தீர்ந்தது.

சரி, இதெல்லாம் ஏன் காலப்போக்கில் விலகுகிறது? விளக்கு மங்கும். அறையின் கண்ணாடியில் ஈரமோ சளியோ படியும். உறிஞ்சும் பம்ப் தளரும். உறிஞ்சும் வாயுவின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் சிறு குப்பியான வாட்டர் டிராப் சரியாகப் பொருந்தாமல் வெளிக்காற்று உள்ளே கசியும். கடைசியாகச் சொன்னதுதான் வார்டில் அதிகம் பார்க்கக்கூடியது, அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். எண் குறைவாக வந்தால் உடனே கேலிபரேஷன் போய்விட்டது என்கிறோம். சாம்ப்ளிங் குழாயின் முனை விரிசல் விட்டிருக்கும். அதனால்தான் சோதனை வாயுவை மானிட்டரின் வாயிலேயே நேராகச் செருகாமல், நோயாளிக்குப் போடுகிற அதே வகைக் குழாய், அதே டிராப் வழியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வழி முழுவதும் சோதனைக்குள் வந்துவிடும்.

கேனுக்குள் என்ன, ஏன்

வெறும் கார்பன் டை ஆக்சைடு மட்டும் அளக்கும் கேப்னோகிராஃப் கருவிகளுக்கு 5% கார்பன் டை ஆக்சைடு, 21% ஆக்சிஜன், மீதி நைட்ரஜன் என்ற கலவை பரவலாக உண்டு. மயக்க மருந்துகளையும் அளக்கும் மானிட்டர்களுக்கான கேன் கொஞ்சம் பணக்காரக் கலவை. ஒரு பிரபல வகையில் 5% கார்பன் டை ஆக்சைடு, சுமார் 55% ஆக்சிஜன், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நைட்ரஸ் ஆக்சைடு, 2% டெஸ்ஃப்ளூரேன், மிச்சத்துக்கு நைட்ரஜன்.

ஏன் 5%? கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் 5% என்றால் 38. ஆரோக்கியமானவர் விடும் மூச்சின் முடிவில் 35 முதல் 45 வரை இருக்கும். ஆக, மருத்துவர் தினமும் நம்பியிருக்கும் எண்ணுக்கு மிக அருகிலேயே சோதனை நடக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். கேனில் இருப்பது சதவீதம், திரையில் வருவது அழுத்தம். சென்னையில் 38 காட்டும் அதே வாயு ஊட்டியில் 38 காட்டக் கூடாது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 580 பக்கம்தான் இருக்கும். அதில் 5% என்றால் 29. அங்கே மானிட்டர் 29 காட்டினால் கருவி சரி. 38 காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் மனித உடம்பு சதவீதத்தைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. ஊட்டியில் ஒருவர் மூச்சில் 38 இருந்தால் அது 6.5% கார்பன் டை ஆக்சைடு. மானிட்டருக்குள் இருக்கும் காற்றழுத்த உணரி தப்பாக இருந்தாலோ, யாராவது உயர அமைப்பைக் கடல் மட்டத்திலேயே விட்டிருந்தாலோ, கேலிபரேஷன் வாயு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கிறவருக்கு மட்டும்.

ஈரமும் ஒரு கணக்கு. நுரையீரலில் இருந்து வரும் மூச்சு 37 டிகிரியில் நீராவியால் நிறைந்தது. அந்த நீராவிக்கே 47 மில்லிமீட்டர் அழுத்தம் போய்விடும். சில மானிட்டர்கள் இதைக் கழித்து, 713-ல் 5% என்று 36-க்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். கேன் வாயுவோ எலும்பு மாதிரி காய்ந்தது. "38 வர வேண்டிய இடத்தில் 36 வருது, கேலிபரேஷன் போச்சு" என்று சர்வீஸுக்குப் போன் போடுவதற்கு முன், இந்த மானிட்டர் உலர் கணக்கில் காட்டுகிறதா, ஈரக் கணக்கில் காட்டுகிறதா என்று கையேட்டைப் புரட்டுவது நல்லது. கணக்கே தெரியாமல் இரண்டு மானிட்டர்களை ஒப்பிட்டு ஒன்றைக் குற்றம் சொல்வது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்து, நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் இவ்வளவு கலப்பது எதற்கு? அவற்றைச் சோதிக்க என்பது பாதி பதில். மீதிப் பாதி சுவாரசியமானது. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் பக்கத்தில் இருக்கும் மற்ற மூலக்கூறுகளோடு மோதும்போது, அவை கதிரை விழுங்கும் விதமே கொஞ்சம் மாறும். பக்கத்தில் நைட்ரஸ் ஆக்சைடு இருந்தால் அதிகம் விழுங்கும், எண் உண்மையைவிடக் கூடும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் நிறைய இருந்தால் எண் சற்றுக் குறையும். மானிட்டர் இதற்கெல்லாம் உள்ளுக்குள் திருத்தம் போடுகிறது. அந்தத் திருத்தமும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, தியேட்டரில் ஓடும் கலவைக்கு நெருக்கமான கலவையையே கேனிலும் கொடுக்க வேண்டும். வெறும் நைட்ரஜனில் கலந்த கார்பன் டை ஆக்சைடை வைத்து மயக்க மருந்து மானிட்டரைச் சோதித்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று ஸ்டிக்கர் ஒட்டுவது அரைச் சோதனை.

டெஸ்ஃப்ளூரேனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்

நம் ஊர் தியேட்டர்களில் ஐசோஃப்ளூரேனும் செவோஃப்ளூரேனும்தான் அதிகம் ஓடுகின்றன. கேனில் மட்டும் டெஸ்ஃப்ளூரேன். காரணம் மருத்துவம் அல்ல, இயற்பியல்.

இந்த மருந்துகள் எல்லாம் அறை வெப்பத்தில் திரவங்கள், ஆவியாகி வேலை செய்கிறவை. 20 டிகிரியில் செவோஃப்ளூரேனின் ஆவியழுத்தம் சுமார் 160 மில்லிமீட்டர் பாதரசம். அதற்கு மேல் அழுத்தினால் ஆவி திரும்பவும் திரவமாகிவிடும். கேனில் 2% செவோஃப்ளூரேன் இருக்க வேண்டும் என்றால், மொத்த அழுத்தத்தின் 2% அந்த 160-ஐத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால் கேனின் மொத்த அழுத்தம் பத்து வளிமண்டலத்தைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். குளிர்ந்த கிடங்கில் 5 டிகிரிக்கு இறங்கினால் அந்த எல்லையும் பாதியாகிவிடும். டெஸ்ஃப்ளூரேன் 23 டிகிரி பக்கத்திலேயே கொதிக்கிற பொருள். 20 டிகிரியில் ஆவியழுத்தம் சுமார் 670. அதே 2%-க்கு 44 வளிமண்டலம் வரை போகலாம். சின்னக் கேனில் நிறைய வாயுவை அடைக்க முடியும், கொஞ்சம் குளிர்ந்தாலும் பயமில்லை.

திரவமாகிவிட்டால் என்ன ஆகும்? மருந்து கேனின் அடியில் துளிகளாக நிற்கும். மேலிருந்து முதலில் வரும் வாயுவில் மருந்து குறைவு. அந்த நேரத்தில் மானிட்டரை அதற்குப் பொருத்தித் திருத்தினால், அது இனிமேல் எல்லா நோயாளிக்கும் மருந்தை அதிகமாகக் காட்டும். மருத்துவர் அதை நம்பி மருந்தைக் குறைப்பார். கேன் காலியாகிக்கொண்டே வந்து அழுத்தம் இறங்கும்போது துளிகள் மீண்டும் ஆவியாகி, வாயுவில் மருந்து கூடும். அப்போது பிழை எதிர்ப்பக்கம். பிரசவ வலிக்குக் கொடுக்கும் ஆக்சிஜன்–நைட்ரஸ் ஆக்சைடு சரிபாதிக் கலவைச் சிலிண்டர் கடுங்குளிரில் பிரிந்துவிடும் என்பது மயக்க மருத்துவர்கள் மாணவப் பருவத்திலேயே படிப்பது. அதே விஷயம்தான் இங்கேயும். கலவை சரியாக இருந்தால் மட்டும் போதாது, வெப்பமும் வேண்டும். குளிர்சாதன அறையிலோ குளிர்ந்த லாரியிலோ இருந்து வந்த கேனை அறை வெப்பத்தில் போதிய நேரம் வைத்து, படுக்கப் போட்டு உருட்டிவிட்டு எடுப்பது வீண் சடங்கு அல்ல.

ஒரே மருந்தை வைத்துச் சோதித்தால் மற்ற மருந்துகளைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு மருந்தும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு விழுங்கும் என்ற பட்டியல் தொழிற்சாலையிலேயே கருவிக்குள் ஏற்றப்பட்டிருக்கிறது. கேன் சோதிப்பது விளக்கு, அறை, உணரி ஆகிய ஒளிப்பகுதியை. அது ஒரு மருந்துக்குச் சரி என்றால், பட்டியல் மாறாதவரை மற்றவற்றுக்கும் சரியாக இருக்கும் என்பது எடுகோள். பெரும்பாலும் நிற்கும் எடுகோள்தான். ஆனால் எடுகோள் என்பதை மறக்க வேண்டாம். செவோஃப்ளூரேன் அளவில் மட்டும் சந்தேகம் வந்தால், டெஸ்ஃப்ளூரேன் கேன் அதைத் தீர்த்துவைக்காது.

ஒரு கிராமை எடை போடுவது

லேபிளில் 5.00% என்று அச்சடிப்பது சுலபம். அந்த எண் எங்கிருந்து வருகிறது?

உயர்தர ஒப்பீட்டுக் கலவைகளை எடை போட்டுத்தான் செய்கிறார்கள். காலிச் சிலிண்டரை வெற்றிடமாக்கி எடை பார்த்து, ஒரு வாயுவை ஏற்றி மீண்டும் எடை பார்த்து, அடுத்ததை ஏற்றி மீண்டும் எடை. கூடிய எடையை மூலக்கூறு எடையால் வகுத்தால் எத்தனை மோல் என்று வந்துவிடும். அழுத்தத்தையோ கன அளவையோ நம்ப வேண்டியதில்லை. இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 6142 என்ற தரநிலை இருக்கிறது.

இதில் உள்ள சிரமத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள கேனில் பத்து வளிமண்டல அழுத்தத்துக்குக் கலவை நிரப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5% கார்பன் டை ஆக்சைடின் எடை வெறும் 0.9 கிராம். 2% டெஸ்ஃப்ளூரேன் 1.4 கிராம். கார்பன் டை ஆக்சைடை நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தோடு போட வேண்டும் என்றால், பல நூறு கிராம் எடையுள்ள கேனில் 9 மில்லிகிராம் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். அப்புறம் இன்னொரு தொல்லை: ஒரு லிட்டர் கேன் விலக்கும் காற்றின் எடையே 1.2 கிராம். அந்த அளவுக்குக் காற்று கேனைத் தராசிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது. காலையில் இருந்த காற்றழுத்தமும் வெப்பமும் மாலைக்குள் நூற்றில் ஒரு பங்கு மாறினாலே தராசில் 12 மில்லிகிராம் விளையாடிவிடும். தேடுகிற வித்தியாசத்தைவிட வானிலையின் வித்தியாசம் பெரிது. அதனால் அதே அளவு, அதே வடிவத்தில் இன்னொரு காலிச் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றி எடை போட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். காற்று இரண்டையும் ஒரே அளவு தூக்குவதால் பிழை கழிந்துவிடும். நிரப்பிய பிறகு சிலிண்டரை உருட்டவும் வேண்டும். அடுத்தடுத்து ஏற்றிய வாயுக்கள் உடனே ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை.

மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு கேனையும் இப்படிச் செய்து கட்டுப்படியாகாது. பெரிய தொகுதியாகக் கலந்து நிரப்பி, எடை போட்டுச் செய்த ஒப்பீட்டுக் கலவையோடு பகுப்பாய்வுக் கருவியில் ஒப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஒப்பீட்டுக் கலவை தேசிய அளவியல் நிறுவனம் வரை ஒரு சங்கிலியாகப் போய் இணைய வேண்டும். அமெரிக்காவில் அது நிஸ்ட், இந்தியாவில் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

சான்றிதழில் இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ஒன்று, கலவை எவ்வளவு தள்ளிப் போகலாம் என்பது: 5% கேட்டால் 4.9 வரலாம், 5.1 வரலாம். இன்னொன்று, வந்தது எவ்வளவு என்று எத்தனை துல்லியமாக அளந்து சொல்கிறார்கள் என்பது. முதலாவது பெரிதாக இருப்பதில் கெடுதல் இல்லை. 5.1 வந்தால் மானிட்டரில் 5.1-ஐ எதிர்பார்த்தால் போதும். ஆனால் பல மானிட்டர்கள் தானாகத் திருத்திக்கொள்ளும்போது, தயாரிப்பாளரின் கேனில் சரியாக 5.00 இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. அங்கே உள்ளூரில் மலிவாகக் கிடைத்த 5.1% கலவையைச் செருகினால், மானிட்டர் அதை 5.0 என்று கற்றுக்கொண்டுவிடும். கலவை எண்ணைக் கையால் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் மாற்றுக் கேன் வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மற்றபடி சரியான சான்றிதழோடு வரும் மாற்றுக் கேனில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. தயாரிப்பாளர் பெயர் போட்ட கேன்தான் வேண்டும் என்பதில் வியாபாரமும் கலந்திருக்கிறது.

எவ்வளவு பிழை பொறுக்கலாம்

மூச்சு வாயு மானிட்டர்களுக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 80601-2-55. அது கார்பன் டை ஆக்சைடுக்குக் கொடுக்கும் வரம்பு: 0.43 சதவீதப் புள்ளி, கூடவே அளவில் 8%. 5% வாயுவுக்கு இது 0.83 புள்ளி. அழுத்தத்தில் சொன்னால் 38-க்கு மேலும் கீழும் ஆறு. அதாவது 32 காட்டினாலும் 44 காட்டினாலும் தரநிலைப்படி கருவி பாஸ். ஆவி மருந்துகளுக்கு 0.2 புள்ளியும் அளவில் 15%-ம். 2% மருந்தை 1.5 என்றோ 2.5 என்றோ காட்டலாம்.

பெரும்பாலான மானிட்டர்கள் இதைவிட நன்றாகவே அளக்கின்றன. ஆனால் வரம்பு இவ்வளவு தாராளமாக இருப்பதால் "நம்ம மானிட்டர் பாஸாயிடுச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. போன வருடம் 38, இந்த வருடம் 35 என்று இறங்கிக்கொண்டிருந்தால், இரண்டுமே பாஸ்தான். ஆனால் ஏதோ ஒன்று தேய்கிறது. அது தெரிய வேண்டும் என்றால், திருத்துவதற்கு முன் என்ன காட்டியது என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

இதுதான் இந்த வேலையில் அதிகம் விடுபடுகிற இடம். கேனைச் செருகு, மெனுவில் கேலிபரேட்டை அழுத்து, பச்சை டிக் வந்தது, ஸ்டிக்கர் ஒட்டு. சோதிப்பது வேறு, திருத்துவது வேறு. முதலில் வாயுவைக் கொடுத்து, எதையும் அழுத்தாமல் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சரியாக இருந்தால் தொடவே வேண்டாம். விலகியிருந்தால் முதலில் கசிவு, டிராப், குழாய், காலாவதித் தேதி, வெப்பம் என்று பார்த்து, அப்புறம்தான் திருத்தம். கசிவோடு திருத்தினால், அந்தக் கசிவு கருவியின் கணக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு யாரோ புதுக் குழாய் மாட்டும்போது எண் தாறுமாறாக ஏறும்.

வாயு கொடுக்கும் விதத்திலும் பிழை வரும். மானிட்டர் தன் தேவைக்கு உறிஞ்சிக்கொள்கிற கருவி. கேனை இறுக்கமாக இணைத்து அழுத்தினால் அறைக்குள் அழுத்தம் ஏறும், அழுத்தம் பத்து சதவீதம் ஏறினால் எண்ணும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். டி வடிவ இணைப்பு வைத்து, மானிட்டர் உறிஞ்சுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக வாயு விட்டு, மிச்சம் வெளியே போக வழி விட வேண்டும். வெளியே போவதில் நைட்ரஸ் ஆக்சைடும் மருந்தும் இருப்பதால் ஜன்னல் இல்லாத சின்ன அறையில் இதைச் செய்வது உசிதமல்ல. மூடிய அறைக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு: மானிட்டர் அவ்வப்போது அறைக்காற்றை எடுத்துப் பூஜ்ஜியம் வைத்துக்கொள்ளும். அந்தக் காற்றிலேயே மருந்து கலந்திருந்தால், அந்த அளவு பிறகு எல்லா எண்ணிலும் கழிந்துபோகும்.

சாம்ப்ளிங் குழாயில் வாய் வைத்து ஊதி, 38 பக்கம் வந்தால் "சரியா இருக்கு" என்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஆபரேஷன் தொடங்கும் முன் அது நல்ல பழக்கம்தான். குழாய் அடைக்கவில்லை, கருவி உயிரோடு இருக்கிறது என்று தெரியும். ஆனால் ஊதுகிறவரின் மூச்சில் 35 இருக்கிறதா 43 இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

குழாயில் வருவது நூற்றுக்கு நூறா

ஆக்சிஜன் செல்லுக்குத் தனிக் கேன் தேவையில்லை என்பது பழைய நம்பிக்கை. அறைக்காற்றில் 21, சுவர்க் குழாய் ஆக்சிஜனில் 100, இந்த இரண்டு புள்ளிகளில் திருத்தினால் முடிந்தது. திரவ ஆக்சிஜன் டேங்க் உள்ள மருத்துவமனையில் இது சரி. ஆனால் 2021-ல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் நாடெங்கும் பி.எஸ்.ஏ. ஆக்சிஜன் ஆலைகள் ஏராளமாக வந்தன. அவை காற்றில் உள்ள நைட்ரஜனை ஜியோலைட் என்ற நுண்துளைப் பொருளில் பிடித்துவைத்து, மீதியை அனுப்புகின்றன. காற்றில் கொஞ்சம் இருக்கும் ஆர்கான் வாயு அந்த ஜியோலைட்டில் தங்காது. ஆக்சிஜனோடு சேர்ந்தே வரும். ஆகவே கிடைப்பது 93%, மூன்று சதவீதம் முன்னே பின்னே.

சிகிச்சைக்கு அது போதும். கேலிபரேஷனுக்குப் போதாது. 93% வாயுவைக் காட்டி "இது 100" என்று செல்லுக்குச் சொல்லிவிட்டால், உண்மையில் 93 போகும்போது திரை 100 காட்டும். 40 போகும்போது 42 பக்கம் காட்டும். இது பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மேல் பக்கம் போகப் போக இடைவெளி கூடும். ஆலையின் தூய்மை ஒருநாள் 85-க்கு இறங்கினாலும் திரையில் 91 நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. இந்த மருத்துவமனைகளில் மேல் புள்ளிக்குச் சான்றளித்த ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதுதான் வழி. செலவு பெரிதில்லை.

செலவு பெரிதாவது மயக்க மருந்துக் கலவைக் கேனில். வாயு விலையைவிட அதை வரவழைப்பது வம்பு. ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் அழுத்தத்தில் இருப்பதால் விமானச் சரக்கில் அது ஆபத்தான பொருள்; சாதாரணக் கூரியரில் வராது, தாள் வேலை நிறைய. வந்து சேரும்போது காலாவதிக்கு மிச்சமிருக்கும் காலம் சுருங்கியிருக்கும். காலாவதியான கேனை "வாயு கெட்டா போகும்?" என்று பயன்படுத்துவதும் அதனால்தான் நடக்கிறது. கார்பன் டை ஆக்சைடோ ஆக்சிஜனோ கெட்டுப்போவதில்லை, உண்மைதான். ஆனால் வால்வின் ரப்பர் வழியாகவும் உள்சுவரிலும் மருந்தின் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகப் போய் ஒட்டலாம், அழுத்தம் இறங்கலாம். தேதி தாண்டிய பிறகு லேபிள் எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை. அப்படிப்பட்ட கேனில் எண் ஒத்துப்போனால் மனத்துக்கு ஆறுதல், ஒத்துப்போகாவிட்டால் மானிட்டரைத் திருத்த உரிமையில்லை. அவ்வளவுதான் அதன் மதிப்பு.

டெஸ்ஃப்ளூரேனுக்கு வேறொரு பக்கத்திலிருந்து நெருக்கடி வந்துகொண்டிருக்கிறது. அது மிகக் கடுமையான பசுமைக்குடில் வாயு. எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு சூடேற்றும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஸ்காட்லாந்து 2023-ல் தன் அரசு மருத்துவமனைகளில் அதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல், வேறு மருந்து பொருந்தாத நோயாளிக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. அந்தத் தடை மயக்க மருந்தாகப் பயன்படுத்துவதற்கு. கேனில் இருக்கும் 2%-க்கு அல்ல. அளவைப் பார்த்தால் கேன் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை: மேலே சொன்ன ஒரு லிட்டர் கேனில் 1.4 கிராம், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாயுவில் 6% வைத்து ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு 25 கிராம் போகும். கேன் முழுவதும் காலியானாலும் தியேட்டரில் மூன்று நான்கு நிமிட மருந்துக்குச் சமம்.

நோயாளிக்குக் கொடுப்பது நின்ற பிறகும், அந்த நாடுகளின் மானிட்டர்களைச் சோதிக்க டெஸ்ஃப்ளூரேன் கேன்கள் கொஞ்ச காலம் ஓடும் என்றே நினைக்கிறேன். விற்பனை குறைந்து மருந்து கிடைப்பது அரிதானால், கேன் செய்கிறவர்கள் செவோஃப்ளூரேனுக்கோ ஐசோஃப்ளூரேனுக்கோ மாற வேண்டியிருக்கும். அப்போது பத்து வளிமண்டல எல்லை திரும்ப வரும்: கேன் பெரிதாக வேண்டும், அல்லது சீக்கிரம் தீர்ந்துபோகும், கிடங்கில் குளிரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மானிட்டரின் மென்பொருளும் அந்தப் புதுக் கலவையை ஏற்றுக்கொள்ள வேண்டும். பழைய மானிட்டர்களுக்கு அந்தப் புதுப்பிப்பு வருமா என்று, அடுத்த வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.